நகலில் எழுதிய நான்கு பெயர்கள்

முற்காலத்தில் ஒரு வரைவு தபாலில் வந்தால், பெற்றவர் அந்தத் தாளின் மீதே மையால் திருத்துவார். தாள் ஒன்றே, திருத்தமும் அதன் மேலேயே. திருத்திய தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் கவலை இல்லை. மின்னஞ்சலின் இணைப்பாக வரும் ஆவணத்தின் இயல்பு வேறு. அதை அறியாமல் பல மணி நேர உழைப்பைப் பறிகொடுத்துவிட்டோம் என்று கலங்கும் பெரியவர்கள் இன்று அநேக இல்லங்களில் உண்டு. பல சமயங்களில் அது இழப்பன்று; பொருள் இருக்குமிடம் தெரியாமையே.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய தம்பி மகன், குடும்பத்தின் ஐந்து தலைமுறை வரலாற்றைத் தொகுத்து, 30 பக்க வரைவாக மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஆண்களின் பெயர்கள் நிலப் பத்திரங்களிலிருந்தும் பழைய கணக்கு நோட்டுகளிலிருந்தும் கிடைத்துவிட்டன. அக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த பெண்களுக்கோ எந்தப் பத்திரமும் இல்லை. நால்வரின் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதப்பட்டிருந்தது.

அப்பெயர்களை அறிந்தவர் ஒருவரே இருந்தார். அவர் தலைமையாசிரியரின் அத்தை, வயது 91. சுமங்கலிப் பிரார்த்தனை நாட்களில் தம் பாட்டி முன்னோர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைத்ததைச் சிறுமியாக அருகிருந்து கேட்டவர். அவர் ஊருக்கு வந்திருந்த ஒரு பிற்பகலில், தலைமையாசிரியர் மின்னஞ்சலைத் திறந்து, இணைப்பைச் சொடுக்கி, அத்தை சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார். நான்கு பெயர்களும், அவர்கள் பிறந்த ஊர்களும், ஒருவர் பிரசவத்தில் மறைந்த செய்தியும் பதிவாயின. ஒவ்வொரு பக்கத்திற்கும் 'சேமி' பொத்தானை அழுத்தினார். விளக்கு வைக்கும் வேளையில் முதலில் அஞ்சலை மூடினார். பிறகு ஆவணத்தை மூடினார்.

மறுநாள் காலை அதே அஞ்சலைத் திறந்து, அதே இணைப்பைச் சொடுக்கினார். 'பெயர் தெரியவில்லை' என்ற சொற்களே நான்கிடத்திலும் இருந்தன. அத்தை மகன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த முறை வரும்போது மீண்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனால் பத்து நாட்களுக்குள் அத்தையைப் பக்கவாதம் தாக்கியது. உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் போயிற்று. தலைமையாசிரியர் நினைவிலிருந்து மூன்று பெயர்களை எழுதிவிட்டார். நான்காவது பெயர் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

எதிர்வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இதைக் கேள்வியுற்று வந்தாள்.

"தாத்தா, அன்றைக்குப் பிறகு கணினியில் தேவையில்லாத கோப்புகளை நீக்குகிறேன் என்று ஏதாவது செய்தீர்களா?"

"ஒன்றும் செய்யவில்லை அம்மா. பயந்துபோய் அதைத் தொடவே இல்லை."

"நல்லதாயிற்று" என்றவள், மின்னஞ்சல் பக்கமே போகவில்லை. வேர்டு செயலியைத் திறந்து, அண்மையில் பயன்படுத்திய ஆவணங்களின் பட்டியலைப் பார்த்தாள். ஒரே ஆவணம் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 002 என்ற எண் இருந்தது. மற்றொன்றில் எண் இல்லை. எண் இல்லாததைச் சொடுக்கினாள். நான்கு பெயர்களும் அதில் இருந்தன. அவள் வேறெதையும் செய்யுமுன், அதை வேறொரு பெயரில் ஆவணங்கள் கோப்புறையில் சேமித்தாள். தலைமையாசிரியர் நான்காவது பெயரை இரண்டு முறை உரக்கப் படித்தார்.

நிகழ்ந்தது என்ன? அஞ்சலோடு வந்த இணைப்பு அஞ்சலுக்குள்ளேயே மாறாமல் இருக்கும். அதைச் சொடுக்கும்போது அவுட்லுக் போன்ற அஞ்சல் செயலி ஒரு நகலை எடுத்து, கணினியில் மறைவாக உள்ள தற்காலிகக் கோப்புறையில் வைத்து, அந்நகலையே நமக்குத் திறந்து காட்டுகிறது. திருத்தமும் சேமிப்பும் அந்நகலிலேயே நடக்கின்றன. எனவே மறுநாள் அஞ்சலைத் திறப்பவர் காண்பது பழைய மூலத்தை.

வங்கிகளில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் வைப்பார்கள். பணம் தொலைவதில்லை, ஆனால் உரியவர் தேடி வந்து உரிய கணக்குக்கு மாற்றும்வரை அது அவருக்குப் பயன்படாது. தற்காலிகக் கோப்புறையும் அத்தகையதே. ஒரு வேறுபாடு உண்டு: வங்கி அத்தொகையைக் காத்து வைக்கும், கணினிக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அஞ்சலை மூடுகையில் செயலி அந்நகலை வழக்கமாக நீக்கிவிடும். ஆவணம் திறந்திருக்கும்போதே அஞ்சலை மூடினால், பயன்பாட்டில் உள்ள நகலை அதனால் நீக்க இயலாது. தலைமையாசிரியர் முதலில் அஞ்சலை மூடியதே அவருக்கு நன்மையாயிற்று. பழைய நகல் அங்கே இருந்ததால், மறுநாள் வந்த புதிய நகலுக்கு 002 என்ற எண் சேர்ந்தது.

இத்தகைய நிலை நேர்ந்தால் பதற்றம் வேண்டாம். தேவையற்ற கோப்புகளை நீக்கும் துப்புரவுப் பணி எதையும் கணினியில் செய்யக் கூடாது. முதலில் அண்மைய ஆவணங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கு அகப்படாவிட்டால், விண்டோஸ் கணினியில் பயனர் பெயரிலுள்ள கோப்புறைக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஐநெட்கேஷ், கன்டென்ட்.அவுட்லுக் என்ற வரிசையில் உள்ளே செல்ல வேண்டும். இவை மறைக்கப்பட்டவை என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படமாட்டா. விவரமறிந்த பிள்ளைகளின் துணையை நாடுவது நலம். சேமிக்காமலே மூடிவிட்டவர்களுக்கு வேறு வழி உண்டு. வேர்டு செயலியின் கோப்புப் பகுதியில், தகவல் என்னும் பக்கத்தில், சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வசதி இருக்கிறது. வழக்கமாக 10 நிமிடத்திற்கு ஒரு முறை செயலி தானே எடுத்து வைக்கும் பிரதி அங்கு கிடைக்கலாம். ஆனால் அதை நான்கு நாட்களே வைத்திருக்கும், தாமதம் கூடாது.

வருமுன் காப்பது எளிது. இணைப்பை அஞ்சலிலிருந்து நேரே திறந்து திருத்த வேண்டாம். முதலில் அதைத் தெரிந்த கோப்புறை ஒன்றில் சேமித்து, அங்கிருந்து திறந்து, அன்றைய தேதியைப் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் திருத்திய பிரதியை அனுப்பியவருக்கே அன்றிரவே திருப்பி அனுப்பிவிட்டால், இரண்டு இடங்களில் காப்பு இருக்கும். முக்கியமான செய்திகளை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக்கொள்ளலாம்.

கணினியில் மறைந்ததைத் தேடி எடுக்க வழிகள் பல உள்ளன. ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே இருப்பதைத் தேடி எடுக்க அத்தகைய கோப்புறை ஏதும் இல்லை. இல்லத்தில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து பாட்டிகள், கொள்ளுப்பாட்டிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எங்கே சேமித்தீர்கள் என்பதையும் வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.