காற்றுக்கு முதுகு காட்டி

பழகாத கரைக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே என்ன மீன் அடிக்கும்?" நான் காற்றைத்தான் முதலில் விசாரிப்பேன். ஐப்பசி, கார்த்திகை என்றால் வேறு எதையும் அதற்கு முன்னால் யோசிப்பதே இல்லை.

சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையில் நின்று பழகியவனுக்கு ராமநாதபுரம் பக்கம் வேறு பாடம். எங்கள் ஊர்க் கரையில் கடல் ஒன்றுதான். கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். வாடை வந்துவிட்டால் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மண்டபத்துக்குப் போனால் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை விழுந்ததும் எல்லாம் தலைகீழ். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அந்த ஆழமில்லாத தண்ணீரை வாடை அடிமண்ணோடு கலக்கிவிடும். அறுந்த கடல்தாழை கரையில் மேடு மேடாக ஒதுங்கும். அதில் நரம்பைப் போட்டால் இழுக்கும்போதெல்லாம் புல்தான் வரும். அதே நாளில் தென்கரைக்குப் போனால் காற்று முதுகில் இருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், வீச்சும் கூடுதலாகப் போகும்.

ஆகவே என் திட்டத்தில் ஊர்ப் பெயர்களுக்கு மேலே காற்றின் திசையை எழுதுவேன். வாடை பலமாக இருந்தால் கீழக்கரை, வாலிநோக்கம் என்று தென்கரை. காற்று தணிந்த காலை வாய்த்தால் தேவிபட்டினம், தொண்டி என்று வடகரை. மண்டபத்தில் நிலம் ஒடுங்கியிருப்பதால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக அதிக நேரம் ஆகாது. அதனால் அறையை எப்போதும் அங்கேயே எடுக்கச் சொல்வேன்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன், தென்காற்று ஓய்ந்து வாடை இன்னும் நிலைகொள்ளாத ஒரு இடைவெளி உண்டு. இரண்டு கடலும் அப்போது இணக்கமாக இருக்கும். விடுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பவர்கள் அந்த இடைவெளியைப் பிடிக்கட்டும். அதற்குள் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய நாட்களைத் தினசரிக் காலண்டரில் பார்த்துக்கொண்டால் போதும். நம் கரையில் நீர் ஏறி வற்றும் அளவு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். சிறிய அளவு என்று அலட்சியம் செய்யக் கூடாது. சமதளமான பாக் நீரிணைக் கரையில் அந்தச் சிறிய வற்றமே வெகுதூரம் தரையைக் காட்டிவிடும். அட்டமி, நவமியில் நீர் சோம்பிக் கிடக்கும், இரையும் இடம் பெயராது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு போக நேர்ந்தால், முகத்துவாரம். வைகைத் தண்ணீரில் பெரும்பகுதி ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். நல்ல மழை ஆண்டில் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலில் சேரும். செம்மண் கலந்த அந்த நீர் இறாலையும் மடவைக் குஞ்சையும் வெளியே தள்ளும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் கொடுவா காத்திருக்கும். நன்னீரில் வளர்ந்து, முட்டையிட உப்புத் தண்ணீருக்கு இறங்கும் மீன் அது. இரண்டு நீரின் எல்லை அதற்கு அந்நியமே இல்லை.

செயற்கைக்கோள் படத்தை வீட்டிலேயே பார்த்துவைப்பது நல்லது. ஒரே இடத்தின் பழைய படங்களையும் புரட்டினால் மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று தெரியும். நேரில் போனதும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வரிசையாக அலை உடையும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் உடையாமல் இருந்தால் அங்கே பள்ளம். கரைக்கு வந்த நீர் அதன் வழியாகத்தான் திரும்பிப் போகும். குளிக்கிறவர்களுக்கு ஆபத்தான இடம், மீனுக்கு நடைபாதை.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெளிந்த தென்கரைக்கு மெல்லிய நரம்பு, எடை குறைந்த ஈயம்; அலையுள்ள கரைக்குக் கனத்த ஈயம். சிப்பிப் பாறையில் நடக்கக் கெட்டியான காலணி. இரையை அந்தந்த ஊரிலேயே வாங்கலாம்.

எங்கே தூண்டில் போடக் கூடாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகு பேசித் தீவுக்குப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். அங்கே நீரோட்டமும் பொல்லாதது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இதே பருவத்தில், ராமநாதபுரத்துக்கு வடக்கே வேதாரண்யம் பக்கத்தில். ஒரு நாள் மீன்பிடிக்காக அந்தக் காற்றோடு வழக்காட முடியாது.

ஊர் வழக்கத்தை மதிப்பதும் முக்கியம். கிறிஸ்தவ மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று நாம் மட்டும் தூண்டிலோடு நிற்பது நன்றாக இருக்காது. யாரையாவது கேட்டுவிட்டு நிற்பதே முறை. பாசி எடுக்கும் பெண்கள் கரையில் இருந்தால் அவர்களிடம் கேட்பேன். "அக்கா, இங்கே தரை கல்லா மணலா?" என்றால் எந்த இடத்தில் கல் முடிகிறது என்பது வரை கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கல் முடியும் விளிம்பில்தான் களவா இருக்கும்.

விசைப்படகு இறங்கும் தளத்தில் ஏலத்தைப் பார்த்து ஆசைப்படுவதில் பயனில்லை. அந்த மீன் நம் வீச்சுக்கு எட்டாத தூரத்திலிருந்து வந்தது. கரையிலிருந்து தூண்டில் போடுகிறவனுக்குக் கரைவலைதான் செய்தித்தாள். வலை வளைத்து வருவதில் நம் வீச்சுக்குள் அடங்கும் தண்ணீரும் இருக்கிறது. மடியில் முரலும் சின்ன மத்தியும் நிறைய இருந்தால் அவற்றைத் துரத்தும் பாறையும் சீலாவும் விடியலில் கரையோரம் வரும். கிழங்கான் வந்தால் மணல் தரை, சிறு முள், இறால் துண்டு. வெறும் சொறிமீனாக வந்தால் அன்று அந்தக் கரையை விட்டு மறுகரைக்குப் போய்விடுவேன்.

வலை இழுக்கும் நேரத்தில் என் நரம்பு தண்ணீரில் இருக்காது. கடைசி முழம் கயிறு மணலுக்கு ஏறும்வரை அந்தக் கரை அவர்களுடையது. "அண்ணே, நானும் ஒரு கை பிடிக்கவா?" என்று கேட்டால் பெரும்பாலும் இடம் விட்டு நகர்ந்துகொள்வார்கள். கயிற்றைப் பிடித்தபடி நின்றால் நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தோளுக்கே தெரிந்துவிடும். மாலையில் ஈயத்தின் எடையை அதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.