எந்த கேமரா வாங்கினீங்க டாக்டர்?

பையன் சர்ஃபிங் பண்ற வீடியோ ஒண்ணு போட்டதுல இருந்து, இன்பாக்ஸ்ல மருந்து சந்தேகத்தைவிட கேமரா சந்தேகம்தான் அதிகமா வருது. "மிரர்லெஸ்ஸா, கேம்கார்டரா? எது எடுத்தீங்க டாக்டர்?" தனித்தனியா பதில் சொல்லி முடியல. மொத்தமா இங்கயே எழுதிடறேன். நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

டிஸ்கி: நான் மயக்க மருத்துவர். கேமரா என் தொழில் இல்ல. எந்த கம்பெனியும் எனக்குக் காசு தரல, தரவும் போறதில்ல.

2023 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல உலக சர்ஃப் லீக்கோட தகுதிச் சுற்றுப் போட்டி நடந்துச்சு. பையனை வேடிக்கை பாக்கக் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடிச்சுருச்சு. அதுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா விடியக்காலை அஞ்சு மணிக்கு ஈசிஆர்ல கோவளம் நோக்கி வண்டி. அங்க சொல்லிக் குடுக்கிற அண்ணன் மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலைப் பாத்தே அலை எப்ப வரும்னு சொல்லுவார். அவர்தான் ஒருநாள், "அக்கா, இவன் எழுந்திரிக்கும்போது பின்கால் எங்க வைக்கிறான்னு எனக்குக் கண்ணால புடிக்க முடியல. வீடியோ எடுத்துக் குடுங்க"ன்னார்.

ஃபோன்ல எடுத்தேன். கரையில இருந்து அலை உடையற இடம் ஏறத்தாழ 150 மீட்டர். பையன் எறும்பு மாதிரி இருந்தான். பலகைல ஆக்‌ஷன் கேமரா மாட்டினோம். அது வேற கதை: அந்த லென்ஸ் ரொம்ப அகலம், ஆளை முழுங்குற அலைகூட வாளித் தண்ணி தெறிச்ச மாதிரி தெரியும். அவன் மூஞ்சி நல்லா தெரியும், கால் தெரியாது. அண்ணனுக்கு வேண்டியது கால்.

இங்க கொஞ்சம் கணக்கு. பலகை நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வைங்க. சாதாரண வீடியோ நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பலகை 20 செ.மீ. நகர்ந்திருக்கும். படுத்திருந்தவன் எழுந்து நிக்கறதே ஒரு நொடிக்குள்ள முடிஞ்சிரும். 100 ஃப்ரேம்ல எடுத்தா அந்த இடைவெளி 5 செ.மீ. ஆகுது. கால் எங்க விழுந்துச்சுன்னு அப்பதான் தெரியும். ஷட்டரும் 1/1000 பக்கம் வைக்கணும். சினிமாக்காரங்க ஃப்ரேம் ரேட்டுக்கு ரெண்டு மடங்குதான் வைக்கணும்பாங்க. அது பாக்க அழகா இருக்கறதுக்கு. நிறுத்தி நிறுத்திப் பாக்கணும்னா அந்த விதி நமக்கு வேணாம்.

அப்புறம் வெயில். நம்மது கிழக்குக் கடற்கரை. காலையில காத்து நிலத்துல இருந்து கடலுக்கு அடிக்கும், அலை சுத்தமா நிக்கும், சர்ஃபிங்குக்கு அதுதான் நேரம். ஆனா அதே நேரத்துல சூரியன் நேரா லென்ஸுக்குள்ள வருது. தண்ணி வெள்ளையா எரியும், ஆள் கருப்பு நிழல். சாயங்காலம் சூரியன் முதுகுப் பக்கம் வந்துரும், அப்ப கடல்காத்து அலையைக் குலைச்சிரும். மேற்குக் கரைக்காரங்க யூட்யூப்ல சொல்ற டிப்ஸ் எல்லாம் நமக்கு ஒத்து வராததுக்கு இதான் காரணம்.

ஆக மனசுக்குள்ள ரெண்டு கேமரா. ஒண்ணு சோனி எஃப்எக்ஸ்30. ஏபிஎஸ்-சி சென்சார், எதிர் வெளிச்சத்துல கருப்பையும் வெள்ளையையும் ரெண்டையும் காப்பாத்தும். உள்ளயே ஃபேன் இருக்கு, சென்னை வெயில்ல அது சின்ன விஷயம் இல்ல. இன்னொண்ணு பானசோனிக் எச்சி-எக்ஸ்2000. கைப்பிடி வச்ச கேம்கார்டர், 24 மடங்கு ஜூம், வெயிலைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் உள்ளயே இருக்கு. சென்சார் சின்னது. ஸ்லோமோஷன் முழு எச்.டி.ல மட்டும்தான்.

விவரம் தெரிஞ்ச யாரும் முதல்ல சொல்றதைத்தான் எடுப்பாங்க. நானும் அதான் நினைச்சேன். வாங்கறதுக்கு முன்னாடி கூட வேலை பாக்கற எலும்பு டாக்டர்கிட்ட இருந்து அதை இரவல் வாங்கினேன், 70-350 லென்ஸோட. (எலும்பு டாக்டர்கிட்ட எப்பவும் நல்ல கேமரா இருக்கும். மயக்க மருந்துக்காரங்க கிட்ட நல்ல ஃபிளாஸ்க் இருக்கும்.)

படம் அபாரம். 4கே-ல 100 ஃப்ரேம் வச்சா அந்த கேமரா சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், அதனால சுமார் 1.6 மடங்கு இன்னும் கிட்ட வரும். நிறைய பேர் இதைக் குறையா சொல்வாங்க. கரையில நிக்கறவனுக்கு அது இலவச ஜூம். முழுசா இழுத்தா ஃபுல் ஃப்ரேம் கணக்குல 840 மி.மீ. பக்கம் வரும். பையனோட கால்விரல் வரைக்கும் தெரிஞ்சுது. அண்ணன் பாத்துட்டு, "அக்கா, இதான் வேணும்"னார்.

மூணாவது ஞாயித்துக்கிழமை. ஜூன் மாசம், அலை வழக்கத்தைவிடப் பெருசு. பையன் ஒரு அலையை லேட்டாப் புடிச்சான். மூக்கு குத்தி விழுந்தான். விழறது புதுசு இல்ல, ஒருநாளைக்கு இருபது தடவை விழுவான். காலுக்கும் பலகைக்கும் கயிறு இருக்கும், பலகை எங்கயோ அங்க ஆள். நான் பலகையைத் தேடிப் புடிச்சேன். பலகை மட்டும் இருந்துச்சு. கயிறு அறுந்திருக்கு.

இப்ப நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். கேமராவை இடது பக்கம் திருப்பினேன். நுரை. வலது பக்கம். நுரை. மறுபடி இடது. 150 மீட்டர் தூரத்துல 840 மி.மீ.க்குத் தெரியறது ஆறரை மீட்டர் அகலக் கடல். அந்த ஆறரை மீட்டர் ஓட்டைக்குள்ள என் பையனோட தலையைத் தேடிட்டு நிக்கறேன். திரையில இருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து பாக்கணும்னு எனக்குத் தோணல. எனக்கு.

மயக்கவியல் படிக்க வர்ற பசங்களுக்கு முதல் வாரமே சொல்லுவேன், மானிட்டரைப் பாக்காதே, பேஷன்ட்டைப் பாருன்னு. ஆபரேஷன் தியேட்டர்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சத்தம் ஏன் வச்சிருக்கோம்? ஆக்ஸிஜன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தோட சுருதி இறங்கும். கை வேற வேலையா இருந்தாலும் காது கேட்டுக்கிட்டே இருக்கும். இருபது வருஷமா அந்தச் சத்தம் அரை சுருதி இறங்கினாலே தலை தானாத் திரும்புற ஆள் நான்.

அண்ணன் கத்தினது எனக்குக் கேக்கவே இல்ல. பக்கத்துல வந்து தோளைத் தொட்டு, "அக்கா, கேமராவ வுடுங்க, கடலைப் பாருங்க. அந்தா இருக்கான்"னார். நிமிர்ந்தேன். நான் தேடின இடத்துல இருந்து நல்ல தூரம் தள்ளி, பாறைக்கு இந்தப் பக்கம், கையை ஆட்டிக்கிட்டு நீந்தி வர்றான். அண்ணன் தம்பி ஒருத்தர் ஏற்கெனவே பலகையோட பாதி தூரம் போயிருந்தார்.

கரைக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "ம்மா, க்ளிப் வந்துச்சா?"

அன்னிக்கு ராத்திரி தனியா உக்காந்து பாத்தேன். நான் திரையைப் பாத்துத் தேடினது 19 நொடி. 100 ஃப்ரேம்ல எடுத்து 25-ல ஓடறதால அது 76 நொடி ஓடுது. அந்த ஸ்லோமோஷன் மோட்ல ஒலிப்பதிவு கிடையாது. சத்தமே இல்லாம ஒண்ணேகால் நிமிஷம் வெள்ளை நுரை இடமும் வலமும் போயிட்டு வருது. 19 நொடியில ஒண்ணும் ஆகிடாது, எனக்குத் தெரியும். மூச்சு நின்னாலும் மூளைக்கு சில நிமிஷம் இருக்குன்னு நானே கிளாஸ் எடுக்கறேன். பிரச்சினை அது இல்ல. அண்ணன் தொடலைன்னா 19 எப்ப முடிஞ்சிருக்கும்னு என்னால சொல்ல முடியல.

கேமராவைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

வாங்கினது கேம்கார்டர். கணக்கு இதான்: அந்த சோனியை அதே மோட்ல, அதே லென்ஸ்ல முழுசாப் பின்னால இழுத்தாலும் 150 மீட்டர்ல 32 மீட்டர் அகலம்தான் தெரியும். அதுவும் வளையத்தைத் திருப்பணும். எக்ஸ்2000-ல 600 மி.மீ.ல இருந்து 25-க்கு ஒரே விரல்ல வந்துரலாம், கட்டை விரலை எடுக்கவே வேணாம். 25-ல 200 மீட்டருக்கு மேல கடல் தெரியும். என்.டி. உள்ளயே இருக்கறதால மேகம் விலகினா லென்ஸ் முன்னாடி கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்க வேண்டாம். லென்ஸ் மாத்தற வேலையே இல்ல, மணல் உள்ள போற பயமும் இல்ல.

நஷ்டம் இல்லாம இல்ல. காலை ஏழு மணி எதிர் வெளிச்சத்துல படம் நிஜமாவே சுமார்தான். பையன் பாத்துட்டு, "ம்மா, கல்யாண வீடியோ அண்ணன் வச்சிருப்பாரே, அது மாதிரி இருக்கு. என் மூஞ்சி கரி மாதிரி இருக்கு"ன்னான். ஸ்கேட்போர்டு, சைக்கிள் மாதிரி பத்தடி தூரத்துல எடுக்கற விளையாட்டுன்னா கண்ணை மூடிக்கிட்டு எஃப்எக்ஸ்30 எடுங்க, நான் தடுக்க மாட்டேன். அங்க விழுந்தவனைத் தேட வேண்டியதில்ல.

இன்னும் சிலது. ட்ரைபாட் கண்டிப்பா வேணும், வீடியோ ஹெட் வச்சது. கேமராவைக் கையில புடிச்சிருந்தா கீழ வைக்கவும் மனசு வராது. ஏசி கார்ல இருந்து இறக்கின உடனே லென்ஸ்ல பனி படியும், நம்ம ஊர் ஈரக்காத்துக்கு அரைமணி நேரம் ஆகும். டிக்கில வச்சு எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால உப்பைத் துடைங்க, காஞ்ச துணி வேணாம், கீறும். ரெண்டு கண்ணும் திறந்து வச்சு எடுக்கப் பழகுங்க. மருத்துவம் படிச்சவங்க முதல் வருஷம் மைக்ராஸ்கோப்ல பழகினதுதான்.

தனியா எடுக்காதீங்க. இப்ப நான் கேமரா கிட்ட நின்னா அண்ணனோட அம்மா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறாங்க. அவங்களுக்கு கேமராவுல எந்த ஆர்வமும் இல்ல. மீன் வலை பின்னிக்கிட்டே கடலைப் பாப்பாங்க. போன வாரம் அவன் விழுந்தப்ப நான் ஜூமைப் பின்னால இழுக்கறதுக்குள்ள, "வலப்பக்கம் இருக்கான், நீ எடு"ன்னுட்டாங்க.

அந்த 76 நொடி க்ளிப்பை இன்னும் அழிக்கல. பையனும் அதுக்கப்புறம் கேக்கல. விலை கேக்கறவங்க கடையில விசாரிச்சுக்கோங்க, மாசத்துக்கு மாசம் மாறுது. பேட்டரி ரெண்டு வாங்கிக்கோங்க.