ஆறாம் வகுப்பும் ஐந்து ஹோம்வொர்க்கும்

மகன் ஆறாவதுக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் மாலை நேரம் என்பதே இல்லாமல் போய்விட்டது. ஐந்தாவது வரை ஒரே மிஸ். கணக்கு நிறையக் கொடுத்த அன்று தமிழைக் குறைத்துவிடுவார். இப்போது பாடத்துக்கு ஒருவர். கணக்கு சார் கொடுப்பது 20 நிமிட வேலைதான். அறிவியல் மிஸ் கொடுப்பதும் ஒரு படம் வரைந்து பாகம் குறிப்பதுதான். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் அதிகம் கொடுப்பதில்லை. ஐந்தும் ஒன்றுசேரும் இடம் எங்கள் வீட்டு ஹால்.

மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, 6 முதல் 8-ம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்துவைத்தேன். எந்த நாளும் ஒன்றரை மணிக்குக் குறையவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டேகால்! (இந்தியா மேப்பில் ஆறுகளுக்கு நீலம் தீட்டவே அரை மணி.) தெருவில் கிரிக்கெட் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் பார்ப்பான். 'போகட்டுமா' என்று கேட்கக்கூட மாட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அந்தக் குறிப்பைக் காட்டினேன். அன்றன்றைய ஹோம்வொர்க்கை ஒவ்வொருவரும் போர்டு ஓரத்தில் எழுதிவைத்தால், அடுத்த பீரியடுக்கு வருபவர் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாமே என்றேன். ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்றார் வகுப்பாசிரியை.

மூன்று வாரம் ஆகிறது. மேப் வேலை சனிக்கிழமைக்குப் போய்விட்டது. ஆங்கில மிஸ் மட்டும் இன்னும் போர்டைப் பார்ப்பதில்லையாம். அவருக்குத்தான் கடைசி பீரியட்.