அத்தை இறங்கின ஊர்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு நீங்கள் பஸ்ஸில் போயிருந்தால், கீரனூர் தாண்டியதும் ஓர் அதிசயத்தைக் கவனித்திருப்பீர்கள். சமதரையாக ஓடிக்கொண்டிருக்கும் பூமியில் திடீரென்று மொட்டைப் பாறைகள் யானைக் கூட்டம் போல் எழுந்து நிற்கும். அதுதான் நார்த்தாமலை. கவனிக்கவில்லை என்றாலும் குற்றமில்லை. அந்த நேரத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்ரீரங்கத்து அத்தை மட்டும் தூங்க மாட்டாள். நாத்தனாரின் பிரசவம், மைத்துனர் வீட்டுக் கல்யாணம், மாமியாரின் கடைசி நாட்கள் என்று அவள் புதுக்கோட்டைக்குப் போகாத வருஷமில்லை. "ஒரு தடவை இறங்கிப் பார்க்கணும்டி" என்பாள். இறங்கினதில்லை. மடியில் பலகாரத் தூக்கு இருக்கும். அங்கே யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். இப்படியே 40 வருஷம் ஓடிப் போயிற்று.

சென்ற மாதம் அத்தைக்கு 72 வயது பூர்த்தியாயிற்று. மறுநாளே அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

"கோயிலுக்கா பாட்டி?" என்றார் கண்டக்டர், முத்துமாரியம்மனை நினைத்துக்கொண்டு.

"இல்லேப்பா, மலைக்கு!" என்றாள் அத்தை, பஸ் முழுவதும் கேட்கும்படியாக.

விலக்கில் இறங்கி, ஊர் வரை ஆட்டோவில் போனோம். மேலமலையில் சாய்ந்த பாறை மேலேயேதான் ஏற வேண்டும். பாதி வழியில், சுனை ஓரமாக அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

"முழங்கால் கெஞ்சறதுடி. நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."

"நான் சொல்லிக் கேட்கிறதும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறதும் ஒன்றுதானே, அத்தை?"

என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

மேலே, மேற்கு நோக்கி நிற்கிறது விஜயாலய சோழீசுவரம். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை மட்டும் வட்டம். சுற்றிலும் இருந்த சிறு கோயில்களில் சில இடிந்து கிடக்கின்றன. எதிரே பாறையில் இரண்டு குகைகள். ஒன்றில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள்.

"ஸ்ரீரங்கத்திலே சயனித்துக்கொண்டிருக்கார். இங்கே பன்னிரண்டு பேராக எழுந்து நின்னு என்னை வரவேற்கிறாரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சோழன் பெயரைத் தாங்கி நின்றாலும், கட்டியவன் சாத்தன் பூதி என்கிறது கல்வெட்டு. மழையில் அது இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் எடுத்துக் கட்டினானாம். இதை அத்தையிடம் சொன்னேன்.

"கட்டினவன் பேரோட, இடிஞ்சதை எடுத்து நிறுத்தினவன் பேரையும் கல்லிலே வெட்டி வெச்சிருக்காளா?"

"ஆமாம், அத்தை."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "பரவாயில்லையே, நல்ல மனுஷா" என்றாள்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. எங்கள் குடும்பத்தில் எத்தனை வீடுகளை, இடிந்துபோகும் சமயத்தில் இவள் ஓடி ஓடி எடுத்து நிறுத்தியிருக்கிறாள்! எந்தக் கல்லில் அவள் பெயர் இருக்கிறது?

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுக் கொடுத்தேன். "நீயே உட்காருடி. நான்தான் பார்த்தாச்சே!" என்றவள், கீரனூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தை இருப்பாள். அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் எது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். முழங்கால்கள் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டா.