அக்காவின் கையெழுத்து

நான் வாங்கிய பழைய மாருதி காரின் ஆர்.சி., அதை விற்ற தம்பியின் அப்பா பெயரில் இருந்தது. அப்பாவால் நடமாட முடியாது என்று சொல்லி, அவர் கையெழுத்திட்ட 29, 30 படிவங்களைக் கொடுத்தார். பெயர் மாறியதும் மீதிப் பணம் என்று பேசி, டெலிவரி நோட் எழுதி வண்டியை எடுத்து வந்தேன். பெயர் மாற்ற விண்ணப்பித்தபோது ஓடிபி அப்பாவின் கைபேசிக்குப் போனது. அதைக் கேட்டு நான் நச்சரித்த பிறகுதான், அவர் இறந்து மாதங்கள் ஆகிவிட்டன என்று தம்பி சொன்னார்.

"பழைய தேதி போட்டுக் கொடுத்துடலாம், யார் பார்க்கப்போறா?" என்றார் புரோக்கர். உயிரோடிருக்கையில் போட்ட கையெழுத்தே ஆனாலும், இறந்தவர் இப்போது விற்பதாகக் காட்டினால் அது பொய்ப் பத்திரம். விற்றவரோடு நானும் குற்றவாளி ஆவேன் என்று வக்கீல் தடுத்தார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீட்க வழி இருந்தது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 14ஆம் பிரிவில், விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதை எழுதாமலே அடங்கிய நிபந்தனையாக வைக்கிறது. அது இல்லையென்றால் ஒப்பந்தத்தை முறித்து உரிமையியல் நீதிமன்றம் போகலாம். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நுகர்வோர் மன்றம் இங்கே உதவாது, தம்பி கார் வியாபாரி அல்ல. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள் என்றார் வக்கீல்.

தம்பிக்கு வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் அவருக்கு அக்கா ஒருவர் இருப்பதே தெரிந்தது. அம்மா, அக்கா, தம்பி மூவருக்கும் அந்தக் காரில் சம பங்கு. அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தபோது, "அப்பா வண்டியை வித்ததே உங்க நோட்டீஸைப் பார்த்துதான் எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு நேர்ந்ததைவிட அவருக்கு நேர்ந்தது பெரிய அநியாயம் என்று அப்போது பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வண்டியை எடுக்காமல் நிறுத்தியே வைத்திருந்தேன். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறந்தவர் பெயரிலேயே வண்டி ஓடினால் வம்பு வாரிசுகளைத் தேடி வரும் என்று வக்கீல் அக்காவுக்கு எடுத்துச் சொன்னார்.

அக்கா கேட்டது அவர் பங்கை மட்டும். நான் கொடுக்காமல் வைத்திருந்த மீதிப் பணம் அங்கே கைகொடுத்தது. எந்தச் சட்டப் பிரிவையும்விட அதுதான் எங்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தது. அம்மா முன்னிலையில் அக்காவிடமே கொடுத்து ரசீது வாங்கினேன். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் கையெழுத்திட்ட ஆட்சேபணையின்மைப் பத்திரம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து வண்டி முதலில் தம்பி பெயருக்கு மாறியது. பிறகு புதிதாகக் கையெழுத்திட்ட 29, 30 மூலம் என் பெயருக்கு வந்தது. தாமதக் கட்டணத்தைத் தம்பி கட்டினார்.