குளத்து மீனும் கொட்டாஞ்சேனைக் குசினியும்

கொழும்பு மாநகரின் வடபாகத்தில், துறைமுகத்தின் முதுகுப்புறமாக, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் கொட்டாஞ்சேனையிலே மீன் வாடையைக் கொண்டே கிழமையைக் கணக்கிட்டுவிடலாம். வெள்ளிக்கிழமைகளில் சைவ வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறுவதில்லை. புனித லூசியாள் பேராலயத்து மணியோசை கேட்கும் தூரத்திலுள்ள கத்தோலிக்க வீடுகள் பலவற்றிலோ, அன்று இறைச்சி விலக்கப்படுவதால், மீனே பிரதான உணவு. ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்ட இரு வீடுகளில் ஒன்றிலிருந்து சாம்பிராணிப் புகையும் மற்றொன்றிலிருந்து மீன் பொரியும் மணமும் எழுந்து ஒழுங்கையின் நடுவே கலந்துகொள்வதை ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் நடந்து சென்ற எவரும் அறிவர். சனிக்கிழமை பிறந்துவிட்டால் இந்த வேற்றுமை பெரும்பாலும் அகன்றுவிடும். இரு சாராரும் பையும் கையுமாகச் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவர்.

அந்தச் சந்தையிலே அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். அறக்குளாவும் பாரையும் விளைமீனும் அடுக்கப்பட்டிருக்கும் பலகையின் ஓரத்தில், கருமை படர்ந்த, அகன்ற உடலுடைய திலாப்பியாவும், பாம்புத் தலையுடைய விராலும் இடம் பிடித்திருக்கின்றன. வாங்க வரும் அம்மையார் அவற்றை ஒரு கணம் நோக்குகிறார், விலையைக் கேட்கிறார், மலிவுதான் என்று அறிகிறார், பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு அப்பால் நகர்கிறார். “குளத்து மீன் சேறு மணக்குமே!” என்பதுதான் தீர்ப்பு. விசாரணை எதுவும் இல்லாமலே வழங்கப்படும் தீர்ப்பு.

இந்த வெறுப்புக்குக் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனைத் தமிழர்களிற் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்தோ தென்னிந்தியக் கரையோரத்திலிருந்தோ வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். உப்புநீர் மீனுக்குப் பழகிய நாக்குடையவர்கள். ஆனால் தமிழர் அனைவருக்கும் இது பொதுவன்று. நம் பழம்புலவர்கள் மருத நிலத்தைப் பாட முற்பட்டால், வயலிலே வராலும் வாளையும் கெண்டையும் துள்ளாமல் பாட்டு முடிவதில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் குளத்து விரால் கிடைத்துவிட்டால் கடல் மீனை ஒதுக்கி வைப்போர் இன்றும் உளர்.

சுவையைப் பற்றிய விவாதம் மட்டுமாக இருந்தால் இதனை நாம் எழுத வேண்டியதில்லை. கடந்த சில ஆண்டுகளில் இது வீட்டுச் செலவின் பிரச்சினையாகிவிட்டது. 2021 ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் தீப்பற்றி மூழ்கியது. மேற்குக் கரையின் ஒரு பகுதியில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. கடல் மீனைத் தொடவே மக்கள் அஞ்சினர். அடுத்த ஆண்டிலே பொருளாதார நெருக்கடி. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலாகத் தாவிற்று. சிறு படகுகளின் இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயே உணவு. படகு கரையில் கிடந்தால் மீன் எங்கிருந்து வரும்? வாரம் மூன்று முறை மீன் உண்ட குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு முறை உண்ணத் தொடங்கின. வளரும் பிள்ளைகளின் தட்டில் சோறும் சொதியும் மட்டும் எஞ்சின. அவ்வேளையில் குளத்து மீனை மூக்கைச் சுளித்து ஒதுக்குவது நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதே கேள்வி.

திலாப்பியாவின் வரலாறு சுவையானது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952 இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. கிழக்கிலங்கையில் இதற்கு ‘யப்பான் மீன்’ என்றொரு பெயரும் உண்டு. யப்பானுக்கும் இதன் பிறப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தமிழ்நாட்டிலோ ‘ஜிலேபிக் கெண்டை’ என்பர். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள்ளே வைத்துக் காத்துக் குஞ்சாக்கும். இந்தத் தாய்மையே பிற்காலத்தில் அந்த இனத்துக்குக் கைகொடுத்தது. எவ்வாறெனில், 1990 ஆம் ஆண்டில் அரசாங்கம், உயிர்க்கொலை பற்றிய மத உணர்வை முன்னிட்டு, உள்நாட்டு மீன்பிடிக்கு வழங்கிவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. குளங்களில் மீன்குஞ்சு விடுவதும் நின்றது. ரோகு, கட்லா போன்ற இந்தியக் கெண்டைகள் தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. ஆகவே அவை அருகின. திலாப்பியாவோ எவர் தயவையும் எதிர்பாராமல் பெருகிற்று. 1994 இல் அரசின் ஆதரவு மீண்டது. அதன்பின் இத்துறைக்கென ஓர் அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைக்கப்பட்டது.

குளத்து நீரில் உயிர்க்கொலை கூடாதென்னும் அந்த உணர்வை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கோவில் தீர்த்தக் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த நமக்கு அது புரியாததன்று. ஆனால் வலை வீசும் குடும்பத்துக்கும் வயிறு உண்டு. மேலும், கடல் மீனை உண்டுகொண்டே குளத்து மீனுக்காக இரங்குவது எவ்வகை அறம் என்று நமக்கு விளங்கவில்லை.

இனிச் சேற்று மணத்துக்கு வருவோம். அது பொய்யன்று. குளத்து நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் ஒருவகை நுண்ணுயிர்களும் ‘ஜியோஸ்மின்’ என்னும் பொருளை உண்டாக்குகின்றன. கிரேக்க மொழியில் இதற்கு மண்மணம் என்றே பொருள். கோடை மழையின் முதல் துளி விழுந்ததும் நிலத்திலிருந்து எழும் மணத்திலும், பீற்றூட் கிழங்கின் மணத்திலும் இதே பொருள்தான் இருக்கிறது. மழையில் வந்தால் கவிதை பாடுகிறோம். மீனில் வந்தால் முகம் சுளிக்கிறோம்! இது உடலுக்குத் தீங்கானதன்று. ஆயினும் மனித மூக்கு இதனை மிக மிக நுண்ணிய அளவிலும் கண்டுபிடித்துவிடும். மீனின் தோலிலும் கொழுப்பிலும் வயிற்றுச் சவ்விலும் இது தங்கும். புளிப்புப் பட்டால் சிதையும்.

இந்த இரசாயனத்தை நம் பாட்டிமார் படித்ததில்லை. ஆனாலும் குளத்து மீனுக்குப் புளியைத் தாராளமாக விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிங்கள இல்லங்களில் கொறுக்காய்ப்புளியை அரைத்துப் பூசுவதும் அதே பயனைத் தருவதுதான்.

சந்தையில் நமக்குப் பழக்கமான மீன்காரர் ஒருவர் பொலன்னறுவைப் பக்கத்துத் திலாப்பியாவை எடுத்துக் காட்டிச் சொன்னார்: “சேர், செதிளோட சமைச்சிட்டுச் சேறு மணக்குது எண்டு என்னை ஏசுறாங்க. தோலை உரிச்சு, உள்ளுக்குள்ள இருக்கிற கறுப்புச் சவ்வை உரசி எடுத்திட்டு, தேசிக்காயும் உப்பும் போட்டு அரை மணித்தியாலம் வைக்கச் சொல்லுங்க. பிறகு வந்து ஏசட்டும்!” அவர் கூற்றில் ஓரெழுத்தும் பிழையில்லை. அமெரிக்க நாட்டிலே ஏரிகளில் ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போரிடையேயும், அது உண்ணத் தகுந்ததா, சேறு மணக்குமா என்ற இதே வழக்கு உண்டு. அங்கும் பலர் கூறும் பரிகாரம் தோலை நீக்குவதுதான்.

குழம்பு வைக்கும் முறை இது. ஒரு கிலோ மீனைப் பெரிய துண்டங்களாக வெட்டி, மேற்கூறியவாறு ஊறவைத்துக் கழுவி, மஞ்சள் தடவி வைக்கவும். மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வெந்தயம், சின்ன வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை ஆகியவற்றை வதக்கவும். சிறு எலுமிச்சையளவு பழப்புளி கடல் மீனுக்குப் போதும். குளத்து மீனுக்கு அதன் ஒன்றரை மடங்கு வேண்டும். புளிக்கரைசலில் கறித்தூளைக் கலந்து ஊற்றி, பச்சை வாடை அகலும்வரை கொதிக்கவிட்ட பின்னரே மீனைப் போட வேண்டும். திலாப்பியாவின் தசை மென்மையானது. பத்து நிமிடத்துக்குமேல் அடுப்பில் நின்றால் உதிர்ந்துவிடும். அகப்பையிட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுக. இறுதியில் ஒரு கரண்டி முதற்பால், சிறிது மிளகு பெருஞ்சீரகத் தூள். இறக்கி ஒரு மணி நேரம் மூடி வைத்தால் புளி மீனுக்குள் இறங்கும். விராலுக்குப் பால் வேண்டாம் என்பது நம் கட்சி. மிளகு தூக்கலாக, குழம்பு தடிப்பாக இருக்க வேண்டும். நோயுற்றுத் தேறுவோருக்கு விரால் கொடுப்பது சிங்கள மக்களிடமும் மலாய் மக்களிடமும் நெடுநாளைய வழக்கம்.

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திலாப்பியாவிலும் விராலிலும் நடுமுள்ளும் விலா முள்ளும் நீங்கினால் அச்சமில்லை. கெண்டை வகைகளிலோ தசைக்குள்ளேயே கவர்விட்ட நுண்முட்கள் புதைந்திருக்கும். சிறு குழந்தைகளுக்கு அவற்றை ஊட்டலாகாது. எந்த நன்னீர் மீனையும் அரைவேக்காட்டில் உண்பது தவறு. ஒட்டுண்ணிகள் உடலில் புகக்கூடும்.

எங்கிருந்து வந்த மீன் என்று கேட்டறிவதும் அவசியம். பொலன்னறுவை, அநுராதபுரப் பெருங்குளங்களின் மீன் வேறு. நகரத்தின் கழிவு கலக்கும் பேரை வாவியின் மீன் வேறு. வாவிக் கரையில் எவரேனும் தூண்டிலில் பிடித்ததை மலிவாகத் தந்தால் நன்றி கூறி நடையைக் கட்டுவதே நலம். களனி ஆற்றைக் கடந்தவுடனுள்ள பேலியகொடை மீன்சந்தை, 2011 இல் புறக்கோட்டையிலிருந்து அங்கு மாற்றப்பட்டது. அங்கு விடியற்காலையில் செல்லக்கூடியவர்கள் மீன் வந்த இடத்தைக் கேட்டு, செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பார்த்து வாங்கலாம்.

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் களனி ஆறு கடலில் விழுகிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் அத்தகைய கழிமுகங்களுக்குரிய மீன் கொடுவா. சிங்களத்தில் மோதா என்பர். மேற்கூறிய ‘பாஸ்’ மீனுக்கு உறவுபோலத் தோற்றமளிப்பது. கடலிலே பிறந்து, ஆற்றிலும் வாவியிலும் ஏறி வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலை நாடும். பெரும்பாலும் ஆணாகவே வாழ்வைத் தொடங்கி, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் விந்தையும் இதற்கு உண்டு. திருகோணமலைக் கடலில் இப்போது கூடுகளில் வளர்க்கிறார்கள். கொடுவா கிடைத்தால் புளி, மிளகாய்த்தூள் என்று அதனை வருத்த வேண்டாம். மஞ்சளும் உப்பும் மிளகும் தேசிச்சாறும் தடவிப் பொரித்தாலே போதும். ஆனால் அதன் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நீந்துகிறது.

கடைசியாக, கருவாடு. குளத்து மீனின் மணத்தை எவ்விதத்திலும் தாங்க முடியாதென்போர் வெயிலில் உலர்த்திய திலாப்பியாக் கருவாட்டை வாங்கலாம். சுடுநீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, உப்பைக் கழுவி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்த்துப் பிரட்டலாக வைத்தால், அது எந்த நீரில் பிறந்த மீன் என்று அம்மம்மாவாலும் கண்டுபிடிக்க இயலாது.