அயலார் விமானம்

தமிழ் இலக்கியம் நடத்துகிறவனுக்கு மாதிரி விமானங்களோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் வாழும் என் பெரியப்பா மகனுக்கு அது பித்து. அவரிடம் கேட்டுக் கேட்டு அறிந்தவற்றுள், விமானங்களைவிட என்னை ஈர்த்தவை ஒரு பலகையும் சில துணிக் கிளிப்புகளுமே.

அங்கே இவ்விமானங்களுக்கென 34.950 முதல் 35.300 மெகாஹெர்ட்ஸ் வரை, பத்துக் கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 36 தடங்கள் உண்டு. ஒரே தடத்தில் இருவர் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால், வானிலுள்ள விமானத்தின் ரிசீவருக்குத் தன் எசமானின் குரலையும் அயலான் குரலையும் பிரித்தறியத் தெரியாது. சில கிலோ எடையுள்ள பொருள் கட்டிழந்து, மனிதர் நிற்கும் தரை நோக்கி விரையும்.

ஆகவே மைதானத்தில் ஒரு பலகை. தடத்துக்கு ஒன்றாக எண்ணிட்ட கிளிப்புகள். உரிய கிளிப்பை எடுத்துத் தன் ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டவரே டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். வேறு சில கழகங்களில் முறை நேர்மாறு: பேருந்தில் துண்டு போடுவதுபோல, தன் கிளிப்பைப் பலகையில் மாட்ட வேண்டும். முன்னதில் வெற்றிடம் என்றால் 'ஆள் உண்டு'. பின்னதில் 'ஆள் இல்லை'. குறி ஒன்று, பொருள் இரண்டு. வேறு கழகத்திலிருந்து வந்த விருந்தாளி பலகையைப் பிழையாக வாசித்தால் போதும், ஒரு விமானம் விழும்.

போட்டிகளில் கண்டிப்பு இன்னும் அதிகம். டிரான்ஸ்மிட்டர்களையெல்லாம் வாங்கி ஒரு மேசையில் வைத்துவிட்டு, முறை வந்தவரிடம் மட்டுமே தருவார்கள். பலர் ஒருசேரப் பறக்கவிடும் கிளைடர் போட்டிகளில், ஒரே தடத்தார் ஒரே குழுவில் சேராதபடி பட்டியல் வகுப்பார்கள்.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவத் தொடங்கின. இவற்றில் ரிசீவர், தன்னோடு பிணைக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டரின் அடையாளக் குறியீட்டை மட்டுமே ஏற்கும், ஏனையவற்றைத் தள்ளிவிடும். இன்று பழைய 35 மெகாஹெர்ட்ஸ் கருவி வைத்திருப்போருக்கே பலகை வேண்டியிருக்கிறது.

வந்தது நன்மையே, மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்நாளில் பிழையாக இயக்கியவருக்கு இழப்பேதும் இல்லை. அவர் தம் காரருகே நின்று கருவியைச் சோதித்துக்கொண்டிருப்பார். வீழ்வது மற்றவருடைய விமானம். அது தம்மால் நேர்ந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம். அந்தக் கிளிப் பிறர் காப்புக்காகவே இருந்தது. அப்பொறுப்பைக் கருவியே ஏற்றுக்கொண்ட பிறகு, 'இப்போது வானில் யார்?' என்று நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் போய்விடலாகாது என்பதே என் கவலை. பறக்கவிடுவோர் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பதும், விமானத்தை இறக்குமுன் உரக்கச் சொல்வதும் இன்றும் தொடர்கின்றன என்று அண்ணன் சொன்னபோது சற்றே ஆறுதலாக இருந்தது.